பட்டியலில் மூன்றாவது பெயர்

காலை எட்டு மணி இருபது நிமிடம். என் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் முன்னே பின்னே ஓடும். ஆனால் அந்த எட்டு இருபதை நான் மறக்கப் போவதில்லை.

வேலம்பாளையத்தில் எங்களுக்கு ஓட்டுச்சாவடி, வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். சற்றுத் தூரத்தில் கட்சிக்காரர்கள் மேஜை போட்டு, வாக்காளர் பட்டியலைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான், என் மனைவி சரோஜா, மகள் பூங்கொடி... மூன்று பேரும் போய் நின்றோம். மேஜையில் இருந்தவர், நான் மேனேஜராக இருக்கும் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். என் பெயர் இருந்தது. சரோஜா பெயர் இருந்தது. அதற்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரர் பெயர்.

"பாப்பா பேரக் காணமுங்களே சார்," என்றார்.

"நல்லாப் பாருங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எவ்வளவு நல்லாப் பார்த்தாலும் அது இருக்காது என்று எனக்கும் சரோஜாவுக்கும் தெரியும்தானே?

பூங்கொடியே குனிந்து, பட்டியலில் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தாள். அடுத்த தெருவையும் பார்த்தாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்து பத்தொன்பது நடக்கிறது. பதினெட்டு வயதுக்கே ஓட்டு என்று சட்டம் வந்த பிறகு நடக்கும் முதல் பாராளுமன்றத் தேர்தல். அவள் கல்லூரி வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றுதான் கன்னி ஓட்டு.

"ஏனுங்கப்பா, மூணு பேரும் ஒரே ஊடுதானுங்களே. எம்பேரு மட்டும் எப்படி உட்டுப்போகும்?"

"அந்த நடராஜ் வாத்தியார் உட்டுட்டாரு போல இருக்குது கண்ணு. வயசானவரு..."

ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. பொய் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். கோடை விடுமுறையில் வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர் நடராஜ் வாத்தியார். மங்கலத்துக்காரர். எட்டாவதில் பூங்கொடிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். வேலையில் இருந்து ஓய்வு பெற இன்னும் சில நாட்களே இருந்தன. அரசாங்கத்துக்காக அவர் செய்த கடைசி வேலை இந்தக் கணக்கெடுப்புதான் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

"ஊட்டுல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேருங்க."

"பூங்கொடிக்குப் பதினெட்டு ஆயிருச்சே சார். எனக்குத் தெரியாதுங்களா?"

அப்போது பல்லடம் பக்கத்தில் அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. "அவளுக்குக் கல்யாணம் ஆகப்போகுதுங்க சார். மாப்ள ஊட்டுல சேத்திக்குவாங்க. ரேஷன் கார்டுல கல்யாணமான என் தங்கச்சி பேரை நீக்கி, சர்ட்டிபிகேட் வாங்கறதுக்குள்ள எனக்குச் செருப்புத் தேஞ்சுபோச்சு. இதுக்கும் அப்படி அலையறதுக்கு, சேக்காமயே உட்டுட்டா நல்லதுங்க."

"இது வேற, அது வேறங்க. இப்ப எழுதிக்கறேன், அப்பறமா மாத்திக்கலாம்."

"வேண்டாமுங்க சார்."

அவர் இரண்டு பெயர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பூங்கொடி அப்போது பக்கத்துத் தெருவில் தட்டச்சு வகுப்பில் இருந்தாள்.

ஆவணியில் அந்த வரன் தட்டிப்போயிற்று. அதற்குப் பிறகாவது பெயரைச் சேர்த்திருக்கலாம். விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான், படித்தேன். தை மாதம் வேறு நல்ல இடம் வரும், எதற்கு இப்போது என்று மடித்து வைத்துவிட்டேன். ஆக, என் மகள் இந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை... எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை.

தேர்தல் வந்தது. எங்கள் கம்பெனிக்கு இரண்டு கட்சிகளிடம் இருந்தும் சின்னம் அச்சடித்த பனியனுக்கு ஆர்டர். ஒரே ரோல் துணியில் இருந்துதான் இரண்டுக்கும் வெட்டினோம். மேலே அச்சு விழும் வரை எது எந்தக் கட்சி என்று துணிக்குத் தெரியாது. தைக்கிற டெய்லர்களில் பாதிப் பேர் தெக்கத்திக்காரர்கள். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, எங்களுக்கு ஓட்டு ஊர்லல்லா இருக்கு. போயி போட்டுட்டு வந்துருதோம்."

"போயிட்டு வாங்க. ஓட்டு முக்கியம்," என்று லீவு கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது. ஒரு முத்திரை குத்துவதற்காக ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பிய அதே மனிதன்தான் நான்.

பிரசாரத்தில் வேட்பாளர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். பூங்கொடியைப் பார்த்துக் கும்பிட்டு, "பாப்பா, உங்க மொத ஓட்டு நமக்குத்தான்," என்றார். "யோசிக்கறனுங்க," என்றாள் இவள். கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மறுபடி அன்றைய ஓட்டுச்சாவடிக்கு வருகிறேன். "நீங்க போட்டுட்டு வாங்க, நான் வெளிய நிக்கறேன்," என்றாள் பூங்கொடி. ஆண்கள் வரிசையில் நானும் பெண்கள் வரிசையில் சரோஜாவும் நின்றோம். மறைப்புக்குள் போய் முத்திரையை எங்கே குத்தினேன் என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. வெளியே வந்தால், அவளைக் காணோம்.

வீட்டுக்குப் போயிருப்பாள் என்று போனோம். போட்ட பூட்டு அப்படியே இருந்தது. கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்ததால் ரோட்டில் ஆளே இல்லை. போலீஸ் வேனும் கட்சி ஜீப்பும்தான் போய்க்கொண்டிருந்தன. எங்கேயோ ஒரு சாவடியில் அடிதடி என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கே என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கிணற்றைக் கண்டால் நிறுத்தி எட்டிப் பார்க்கிறேன். கூட்டத்தைக் கண்டால் உள்ளே நுழைந்து தேடுகிறேன். கடைசியில் அவள் தோழி வீட்டில், அந்தப் பெண்ணின் அம்மாதான் சொன்னார்.

"காலைல வந்துச்சுங்க. மங்கலத்துக்கு பஸ் இருக்குதான்னு கேட்டுச்சு. நடராஜ் வாத்தியாரப் பாத்து நேருக்கு நேராக் கேக்கோணும்னு சொல்லுச்சு. மொகமே செரியில்லீங்க."

மணி பதினொன்றரை. ஒரு பயம் இறங்கியது. இன்னொரு பயம் ஏறியது.

மங்கலம் எவ்வளவு தூரம்? மொபெட்டில் அரை மணி நேரம். நான் போகவில்லை. இதை எழுதும்போதுகூட கை நிற்கிறது. மகளைக் காணோம் என்று இரண்டு மணி நேரம் பதறியவன், அவள் இருக்கும் இடம் தெரிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே போனால் அவள் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம். நடுவில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

"ஏனுங்க, போயிக் கூட்டியாருங்களே," என்றாள் சரோஜா.

"வருவா."

"அன்னைக்கே சொன்னனுங்க, எழுதிட்டுப் போகட்டும்னு. ரேஷன் கடையில அவ பேருக்குச் சர்க்கரை மட்டும் விடாம வாங்கிக்கறீங்க. ஓட்டுன்னா மட்டும் அவ அடுத்த ஊட்டுப் புள்ளையாயிட்டாளா?"

நான் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவள் சோறு போட்டு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் எங்கெங்கே எத்தனை சதவீதம் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் என்னைத் திட்டுவது கேட்கிறது. கொஞ்சம் உங்கள் வீட்டையும் பாருங்கள். பெண் பிள்ளை பெயரை நாம் எதிலாவது மையால் எழுதியிருக்கிறோமா? எல்லாவற்றிலும் பென்சில்தான்... போகிற இடத்தில் எழுதிக்கொள்வார்கள் என்று. அந்தப் போகிற இடம் எது என்று தெரிவதற்கு முன்பே, இருக்கிற இடத்தில் அழித்துவிடுகிறோம். நான் கெட்ட அப்பன் இல்லை. அவளைக் காலேஜில் சேர்த்தவன், தட்டச்சுக்கு அனுப்பியவன். அலைச்சலுக்குப் பயந்தவன், அவ்வளவுதான். ஆனால் அந்த அலைச்சல் என்னுடையது. பெயர் அவளுடையது.

இந்தப் பத்திரிகையில் வாசகர்கள் எழுதும் இந்தப் பத்தியைப் பூங்கொடி ஒரு வாரமும் விடாமல் படிப்பாள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல இந்த இருபது நாளில் எனக்கு வாய் வரவில்லை.

மாலை ஐந்து மணி. ஓட்டுப்பதிவு முடிந்திருக்கும். கேட் சத்தம் கேட்டது. முன்னால் பூங்கொடி, பின்னால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடராஜ் வாத்தியார். பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்தே வந்திருக்கிறார்கள். சரோஜா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். வாத்தியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் சொல்லியிருப்பார் என்று காத்திருந்தேன்.

"நீங்க சொன்னது செரிதானுங்கப்பா," என்றாள் பூங்கொடி. "சார் ஒத்துக்கிட்டாரு. அவருதான் உட்டுட்டாராமா. பாவமுங்கப்பா, நான் சண்டை போட்டுட்டேன்."

"ஆமாங்க சார்," என்றார் வாத்தியார் என்னைப் பார்த்து. "மூணாவது பேரு எழுதறதுக்குள்ள மழை வந்துருச்சு. குடையத் தேடற அவசரத்துல உட்டுப்போட்டனுங்க. என் தப்புத்தான்."

அவர் கணக்கெடுக்க வந்த அன்றைக்கு மழையே பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கிற வெயில்.

சரோஜா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். வாத்தியார் நின்றபடியே குடித்தார். பூங்கொடி கை கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனாள். இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "சார்..." என்று ஆரம்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த தடவை கணக்கெடுக்க வர்றது நானா இருக்காதுங்க சார். யாரு வந்தாலும், மூணு பேருன்னு சொல்லிப்போடுங்க."