புகை அலாரத்தைக் கட்டிய பை

பனிச்சறுக்கு மலையில் இருக்கும் எங்கள் இத்தாலிய முதலாளியம்மா சிஞ்ஞோராவின் மரவீட்டைத் துப்புரவாக்க நானும் கணவரும் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குச் செத்தல் மிளகாய் பொரித்ததும் புகை அலாரம் அலறியது. எரிச்சலில் அதைப் பொலித்தீன் பையால் இறுகக் கட்டினேன்.

நாங்கள் இருக்கும் பலெர்மோ நகருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பையை அவிழ்க்காதது நினைவுக்கு வந்தது. சிஞ்ஞோரா குடும்பம் அதற்குள் அங்கே வந்திருக்கும். இரவில் விறகடுப்பு எரியும். சிஞ்ஞோராவின் பிள்ளைகள் தூங்குவார்கள். புகை சூழ்ந்தாலும் அலாரம் கத்தாது.

"சொன்னா வேலை போயிடுமப்பா," என்றார் கணவர்.

மூன்று நிறுத்தங்கள் நானும் வாய் திறக்கவில்லை. நான்காவதில் சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஏறி நிற்கக் கதிரை இழுபடுவதும் பை கிழிவதும் கேட்டன; பிறகு அவர் பொத்தானை அழுத்திச் சோதிக்க, அலாரம் ஒருமுறை கத்தியது.

வேலை போகவில்லை. அந்த மூன்று நிறுத்தங்கள்தான் இன்னும் உறுத்துகின்றன.

இப்போது எங்கள் குசினியிலும் ஒரு அலாரம். மிளகாய் பொரித்தால் கத்தும்.

"நிப்பாட்டப்பா!" என்பார் கணவர்.

"கத்தட்டும். நீங்கள் யன்னலைத் திறவுங்கோ."