என் மகள் ரூபினியோடு பாடிய சனிக்கிழமை

"நம்ம சபை ஆண்டு மலருக்கு ரூபினியைப் பத்தி எழுதித் தாங்க சிஸ்டர்"னு பாஸ்டர் தயானந்தன் கேட்டாரு. எழுதிக் குடுத்துட்டேன். அன்பானவர், உழைப்பாளி, கேக்காமலே உதவி செய்பவர். எல்லாம் உண்மைதான், இல்லைங்கல. மீதி உண்மையை அந்த மலர்ல போட முடியுமா? அதான் இங்க சொல்றேன்.

பெர்மாஸ் ஜெயாவுல ஒரு டோபி கடைக்கு மேல்மாடியில இருக்கு எங்க சபை. கீழ துணி காய வைக்கிற மெஷின் சூடு, மேல பழைய ஏர்கோன் சத்தம். நான் அங்க கீபோர்ட் வாசிக்கிறவ. பேரு விஜிதா. எங்க அப்பா கவர்மெண்ட் ஆபீஸ் கிளார்க்கு, ஞாயித்துக்கிழமையானா குவாயர் மாஸ்டர். எங்க வீட்டுல சோறு ஊட்டும்போதே சுருதியையும் சேர்த்து ஊட்டுனாங்க. பாடுறவங்க குரல் ஒரு இழை எறங்குனா எனக்குப் பல் கூசும். உடனே மெட்டைச் சத்தமா வாசிச்சு ஆளை இழுத்துக் கொண்டாந்து விட்டுருவேன். அதை நான் உதவின்னுதான் நினைச்சேன், இப்பவும் நினைக்கிறேன்.

ரூபினி லாயாங் லாயாங்கிற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டுல பொறந்தவ. புருஷன் ஹேமநாதன் லோரி ஓட்டுறாரு. அவரு ஒரு தடவை அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ எங்க சபைக்காரங்க மாத்தி மாத்திச் சோறு கொண்டு போனாங்க. நன்றி சொல்லிட்டுப் போலாம்னு மாடியேறி வந்தவ, அப்படியே தங்கிட்டா. விடியறதுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள்ல எல்லை தாண்டி சிங்கப்பூருக்குப் போயி ஒரு கேன்டீன்ல வெங்காயம் நறுக்குறா. எல்லைப் பாலத்து ஜாம்ல வெந்து திரும்பி வந்து, குளிச்சுட்டு, புதன்கிழமையில சபையைக் கூட்டித் துடைக்கிறா. சனிக்கிழமை எல்லாருக்கும் மீஹூன் நூடுல்ஸ் பிரட்டுறா. அதையும் ருசியா பிரட்டித் தொலைக்கிறா.

மாசக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு ஓப்பன் மைக். யாரும் வரலாம், எதுவும் செய்யலாம். சாட்சி சொல்வாங்க, கவிதை படிப்பாங்க, ஜோக் அடிப்பாங்க. கீழ டோபி கடைச் சீன அங்கிள்கூட ஏறி வந்து மவுத் ஆர்கன் ஊதுவாரு. ஒருநாள் ரூபினி எழுந்து மைக்கைப் புடிச்சா. தானே கட்டுன பாட்டாம்.

"பாலத்து மேல நிக்கிறேன் ஆண்டவரே, பாஸ்போர்ட்டைக் கையில புடிச்சுக்கிட்டு..."

அலமாக்! எந்தக் கட்டையில பாடுறான்னு நான் தேடிப் புடிக்கிறதுக்குள்ள அடுத்த கட்டைக்குத் தாவிட்டா. நான் துரத்துறேன், அவ ஓடுறா. பாட்டு முடிஞ்சதும் மொத்த சபையும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. பாஸ்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. இத்தனை வருஷமா நான் ஒரு சுரம் பிசகாம வாசிக்கிறேன், எனக்காக ஒரு ஆளாச்சும் எழுந்து நின்னிருக்கா? வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். நேத்து வந்தவ கைத்தட்டலை எடுத்துக்கட்டும், போனா போகுது. என் மகளையும் எடுத்துக்குவான்னு யாரு கண்டா?

லோஷினிக்குப் பதினாறு வயசு. சின்னதுல அவ பாடுனா ரோட்டுல போறவங்க நிப்பாங்க. அப்புறம் என்னவோ நிறுத்திட்டா. கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "வரலம்மா, விடுங்க"ன்னுடுவா. நான் வாசிக்க அவ பாடணும், ஒரே ஒரு தடவை. வேற எதையும் நான் பெருசா கேட்டு ஜெபிச்சதில்லை.

ஒரு புதன்கிழமை, மறந்து வச்சிட்டு வந்த குடையை எடுக்கலாம்னு சபைக்குப் போனேன். படிக்கட்டுலயே குரல் கேட்டுச்சு. கதவு இடுக்குல பார்த்தா, லோஷினியும் ரூபினியும் தரையில உக்காந்து தவுகே முளைப்பயிறுக்கு வால் கிள்ளிக்கிட்டு இருக்காங்க. என் மக வாய் நிறையப் பாடுறா. பெத்தவ கெஞ்சியும் வராத பாட்டு, தவுகே கிள்ளும்போது வருதாம்! உள்ள போகல. படியிலயே நின்னு முழுசா கேட்டுட்டு, குடை இல்லாமலே எறங்கி வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அவளே சொன்னா. "மா, இந்த மாசம் நானும் ரூபினி ஆன்டியும் ஓப்பன் மைக்ல பாடுறோம்."

"நான் வாசிக்கிறேன்"னேன். தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா.

மறு ஞாயிறு ரூபினி என்கிட்ட வந்தா. கையைப் பெசஞ்சுக்கிட்டே நின்னா. "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பாட்டுக்குக் கீபோர்ட் வேணாமாம். பாப்பா உங்ககிட்ட சொல்லச் சொல்லுச்சு."

என் மக என்கிட்ட சொல்ல வேண்டியதை நீ வந்து சொல்றியா? எவ்வளவு தைரியம்! இதெல்லாம் மனசுக்குள்ளதான். வாய் என்னவோ, "பரவால்ல லா, அதனால என்ன"ன்னுச்சு. வீட்டுக்குப் போயி சட்டியைப் போட்டுத் தேய்ச்ச தேய்ப்புல அதோட பூச்சே உரிஞ்சு வந்துருச்சு.

அந்தச் சனிக்கிழமையும் வந்துச்சு. நான் கீபோர்டு முன்னாலதான் உக்காந்திருந்தேன், வேற எங்க போறது? ரெண்டு பேரும் மைக் முன்னால நின்னாங்க. முதல் சரணம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாவதுல லோஷினி குரல் எறங்குச்சு, அப்புறம் ஒடைஞ்சு அப்படியே நின்னுடுச்சு. என் கை தானா கீபோர்ட் கட்டைக்குப் போயிருச்சு. ஒரு சுரம், ஒரே ஒரு சுரம் குடுத்தா புடிச்சுக்குவா. அதுக்குள்ள ரூபினி மைக்லயே கெக்கெக்கேன்னு சிரிச்சா.

"எனக்கும் மறந்துருச்சு பாப்பா. வா, மொதல்ல இருந்து போலாம்."

சபை சிரிச்சுது, என் மகளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே மறுபடி எடுத்தா பாருங்க, அந்தக் குரலை நான் வருஷக்கணக்கா கேட்கல. ரூபினி பக்கத்துல வேற ஏதோ கட்டையில முழங்கிக்கிட்டு இருந்தா, அது லோஷினியை ஒண்ணுமே பண்ணல. எல்லாரும் எழுந்து நின்னாங்க, நானும் நின்னேன், கையும் தட்டுனேன். லோஷினி ஓடிப்போய் ரூபினியைக் கட்டிப்புடிச்சா. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. ஆத்திரம்தான் அதிகம்.

கார்ல வரும்போது என்னால அடக்க முடியல. "அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு? என்னைவிட நல்லா பாடுறாளா?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா." கோபமா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னா. "ரூபினி ஆன்டிக்குத் தப்பு விழுந்தா தெரியாதும்மா. அதான்."

தப்பு தெரியாம இருக்குறது பயிற்சி பண்ணி வர்ற விஷயமா? லோஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக் கூட்டத்துல கார் ஊர்ந்து போயிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல, தன்னை அறியாமலே, அந்தப் பாட்டை மெதுவா முணுமுணுக்க ஆரம்பிச்சா.

நல்லா கேக்கணும்னு நான் ஏர்கோனைக் கொஞ்சம் கொறைச்சேன். டக்குன்னு பாட்டை நிறுத்திட்டா.