நான்காம் நம்பர் பூச்சு

முனாப் என்ற பெயரை ஹாஜிரா முதன்முதலில் கேட்டது ஒரு வசவுக்கு நடுவில். பாலக்கோட்டில் வாழ்க்கைப்பட்ட அவள் பெரியம்மா அமீருன்னிசா, அடுப்படிக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூச ஆள் வைத்திருந்தாள். பதினோரு நாளாகியும் ஒரு சுவர் முடியவில்லை. "அந்த முனாபு செவுத்தப் பூசறானா, அதோட குடும்பம் நடத்தறானா?" என்று பெரியம்மா கேட்டது தெருக்கோடி வரை போயிற்று. அடுத்த வருஷமே அவனை ஹாஜிராவுக்குப் பேசி முடித்ததும் அதே பெரியம்மாதான். அவன் ஹாஜிராவின் பெரியப்பாவுடைய தங்கை வீட்டுக்காரருக்கு அண்ணன் மகன். அதாவது கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும், பக்ரீத்துக்குக் கறித்துண்டு வராது, அந்த அளவுச் சொந்தம்.

எண்பத்தைந்தாம் வருஷத்தில் தர்மபுரிச் சீமையில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட சிமெண்டுதான். முனாப் மட்டும் அதைக் கையால் தொடுவதில்லை. அதனால் அவனைத் தேடி வேலையும் வருவதில்லை. பொம்மிடியில் மெத்தைக் கடை வைத்திருந்த ஹாஜிராவின் அண்ணன் சர்தாருக்குத் தங்கை மேல் அப்படியொரு பாசம்.

"நம்ம கடையில பஞ்சு அடைக்க ஆளு வேணும் மச்சான். உங்களுக்குத்தான் பொறுமை சாஸ்தியாச்சே. பக்ரீத் கழிச்சு வந்துருங்க" என்று சொந்தமெல்லாம் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது அழைத்தான்.

அண்ணன் கடையில் புருஷன் பஞ்சு அடைத்தால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைய வேண்டும். அது ஹாஜிராவுக்குத் தெரியும். பக்ரீத்துக்குள் ஒரு பெரிய வேலை கிடைத்தாக வேண்டும்.

கிடைக்கிற மாதிரியும் இருந்தது. அவர்கள் குடியிருந்த அரூருக்கு வெளியே வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று பூச்சு உதிர்ந்து நின்றது. அதைப் பழையபடியே பூச வேண்டும் என்று சென்னையிலிருந்து ராஜாமணி என்ற இன்ஜினியர் வந்தார். உதிர்ந்த காரையில் ஒரு துண்டை எடுத்து, திராவகத்தில் கரைத்து, மிஞ்சிய மணலைச் சலித்து, எடை போட்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரைப் பங்கு மணல், கூடவே ஏதோ தாவரச் சாறு என்று கண்டுபிடித்தார். முனாபைக் கேட்டிருந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பான். ஆனால் டீயை ரிப்போர்ட்டில் எழுத முடியாதே.

பின்பக்கச் சுவரில் ஆறு கொத்தனார்கள் ஆளுக்கொரு கட்டம் பூசி, நம்பர் போட்டு, இருபத்தெட்டாம் நாள் சோதிப்பது என்று ஏற்பாடு. பழைய காரையோடு ஒத்துப்போகிற பூச்சுக்குத்தான் பங்களா. நான்காம் நம்பர் முனாபுடையது. கடுக்காயும் வெல்லமும் பத்து நாள் பானையில் ஊறிப் புளித்த தண்ணீரில் குழைத்தது.

இருபத்தெட்டாம் நாள் ராஜாமணி ஆணியை வைத்துக் கீறினார். நான்காம் நம்பர் கோலமாவு போல உதிர்ந்தது. அங்கே ஓவர்சீயராக இருந்த வெங்கடாசலம், பாலைத் தவிர வேறெதையும் நாக்கில் படவிடாதவர் என்று பெயர் வாங்கியவர். நெற்றிச் சந்தனம் கலையாமல் உச்சுக்கொட்டினார்.

வீட்டுக்கு வந்த முனாப் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். சுண்ணாம்பும் அதேதான், மணலும் அதேதான், பானையையும் துணி கட்டித்தானே வைத்தேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"குழைக்கறதுக்கு முன்ன நாக்குல வெச்சுப் பாத்தீங்களா?" என்றாள் ஹாஜிரா.

"எப்புடிப் பாக்கறது? நோம்பு புடிச்சிருந்தனே."

பத்து வயசிலிருந்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் அவன் சுண்ணாம்பு குழைத்ததில்லை. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். நோன்பு மாசத்தில் குழைக்க நேர்ந்த அந்த ஒரு தடவைதான் வாசனையோடு விட்டுவிட்டான்.

ஹாஜிராவுக்கு அப்போதுதான் தங்கம்மாள் ஞாபகம் வந்தது. ஓவர்சீயரின் மனைவி. முனாப் பூசிய அதே வாரம் மாதுளம் தோல் கேட்டு வந்திருந்தாள். வீட்டுக்காரருக்கு மூன்று நாளாய் வயிற்றுப்போக்கு, கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தே ஆள் இளைத்துவிட்டார் என்றாள். வாயெல்லாம் கடுக்காய் வாடை, மருந்தென்று எந்தப் புண்ணியவான் கொடுத்தானோ என்றும் புலம்பினாள்.

ஒரு முசல்மான் பானைக்குத் துணி கட்டி, பங்களா மூலையில் வைத்து, யாரையும் அண்டவிடாமல் காத்தால் உள்ளே இருப்பது கள்ளாகத்தான் இருக்கும் என்று பால் குடிக்கிற மனுஷர் முடிவு கட்டியிருக்கிறார். பாதியைக் குடித்துவிட்டு, நேர்மையானவர் பாருங்கள், குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியும் வைத்திருக்கிறார்.

மறுநாள் ஹாஜிரா, பழைய கடுக்காய்த் தண்ணீர் வீட்டில் மிச்சமிருந்ததை ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். ராஜாமணி பக்கத்தில் நிற்கும்போதே ஓவர்சீயரிடம் நீட்டினாள்.

"சார், இது நல்லா ஊறுனதுங்க. போன தடவ குடிச்சதுக்கு இது தேவலையான்னு நீங்கதான் சொல்லோணும்."

வெங்கடாசலம் தம்ளரைப் பார்த்தார். வயிற்றில் தானாகக் கை போயிற்று. "அய்யோ, வேண்டாம்மா. அதுக்கப்புறம் மோர் கூட எறங்கல" என்று சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது.

ராஜாமணி அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் இருமினார். பிறகு நான்காம் நம்பரைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசச் சொன்னார். இந்தத் தடவை பானை அவர் அறையில், பூட்டுக்குள். பக்ரீத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஆணி வைத்துக் கீறினார். பழைய காரையில் விழுந்த அதே மெல்லிய கோடு விழுந்தது. தண்ணீர் தெளித்தார், அதே மாதிரி உறிஞ்சி, அதே மாதிரி காய்ந்தது. ரிப்போர்ட்டில் தாவரச் சாறு என்று எழுதினார். ஓவர்சீயரைப் பற்றி எழுத அதில் கட்டம் இல்லை.

பங்களாவின் நாலு சுவரும் முடிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. முனாப் இப்போது திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பழைய சத்திரத்தில், அதே ராஜாமணியிடம் பூச்சு வேலை பார்க்கிறான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி அரூருக்கு வந்து போகிறான்.