தேவா அண்ணை வேண்டாமென்ற றிவோல்வர்

தேவராசா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தேன். காலையில் நெஞ்சுநோ, அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது எரிச்சல்தான். நாலு மாதமாக நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவராக வந்து காரணம் சொல்லட்டும் என்று இருந்தேன். மனுசன் சொல்லாமலே போய்விட்டார்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவர் கார் பார்த்து வாங்கித் தந்திருப்பார். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரின் மேற்கே, ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் மெக்கானிக்காக இருந்தவர். பழைய கார், குளிர்சாதனப் பெட்டி, வீடு என்று எதை வாங்கப் போனாலும் எங்கள் சனம் அவரைக் கூட்டிக்கொண்டு போகும். அவர் சுற்றிப் பார்த்து, குனிந்து பார்த்து, தட்டிப் பார்த்து, கடைசியில் "வேண்டாம்" என்பார். அதற்குமேல் கதை இல்லை. எனக்குத் தெரிந்து அவர் வேண்டாமென்றதை வாங்கியவர் எவரும் இல்லை.

ஞாயிறுகளில் அவர் எங்கே போகிறார் என்பது பலருக்குத் தெரியாது. கோயிலுக்கென்று நினைத்திருப்பீர்கள். பதினெட்டு வருடமாக ஒரு குறிபார்த்துச் சுடும் கழகத்தில் உறுப்பினர். துப்பாக்கி என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு ஞாபகங்கள் வருமென்று வெளியில் சொல்லமாட்டார். இரண்டரை வருடத்துக்கு முன் நானும் அங்கே சேர்ந்தேன். நாள் முழுக்க நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கிறவளுக்கு, அசையாமல் ஒன்றைப் பார்ப்பது பிடித்திருந்தது. துப்பாக்கிச் சத்தத்துக்கு ஊர் ஊராய் ஓடினவள் நீ, இப்ப வெளிக்கிட்டுப் போய்ச் சுடுறியோ என்று என் அக்கா ஏசினாள். இங்கே சுட்டால் கடதாசியில்தான் ஓட்டை விழும் என்றேன்.

தொடக்க உரிமக் காலம் முடியும்வரை கழகத்தின் பொதுத் துப்பாக்கியால் சுட்டேன். எனக்கென்று ஒன்று வாங்கலாம் என்றானதும் தேவா அண்ணையைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேறு யாரை? எனக்கு வேண்டியது இருபத்திரண்டு என்று நாங்கள் சொல்கிற சின்ன ரவைக்கான றிவோல்வர். உதைப்புக் குறைவு, சத்தம் குறைவு. எங்கள் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு ஐந்து ரவைதான். இதைத் தெரிவுசெய்ய ஒரு பின்னேரம் போதும் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் அலைந்தோம்.

முதலாவது, குழல் நீளம். "அஞ்சாவது ரவைக்கு உம்மடை கை நடுங்கும்" என்று திருப்பி வைத்தார். இரண்டாவதன் பிடி மொத்தம். என் விரல் நுனிதான் விசையைத் தொட்டது, எட்டிப் பிடித்தால் குறி இழுபடும் என்றார். மூன்றாவதைப் பார்த்ததும் நான் ஆசைப்பட்டுவிட்டேன், அவ்வளவு மினுக்கம். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, ரவை போடுகிற உருளையை இரண்டு விரலால் ஆட்டிக் காட்டினார். அது லொடலொடவென்று ஆடியது. "கண்ணாலை வாங்காதேயும், தங்கச்சி. கையைக் கேளும்." மூன்று தரமும் அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

அவரிடம் ஒரு பெரிய சட்டம் இருந்தது. இந்தச் சின்ன ரவைக்கு வெடிமருந்து அதன் விளிம்பில் இருக்கிறது, துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். உள்ளே ரவை இல்லாமல் விசையை இழுத்தால் ஊசி போய் உருளையின் இரும்பில் அடித்து வடுவாக்கிவிடும். பிறகு உருளையின் அந்தக் குழியில், அறை என்போம், ரவை ஒழுங்காக இருக்காது. அதனால் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் ஒவ்வொரு அறையின் விளிம்பையும் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். ஒருநாள் நான் மறதியாக வெறுமனே விசையை இழுத்துவிட்டேன். முழுக் கழகத்துக்கும் கேட்க, "படிச்ச பிள்ளைதானே நீர்?" என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. காது சுட்டது.

நாலாவது றிவோல்வரை நகரின் வடக்கே ஒரு கடையில் பார்த்தோம். ஆறு அறை உள்ள பழையது. நிறம் மங்கிப்போய், மரப்பிடியில் ஒரு கீறலும் இருந்தது. கையில் எடுத்தேன், அவ்வளவுதான். கனமும் சரி, பிடியும் சரி, விரல் தானாக விசையில் போய் இருந்தது. அண்ணைக்கும் முகம் மலர்ந்தது. நகத்தால் ஆறு அறையும் தடவிவிட்டு, "இது சாமான்" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் கடைக்காரரிடம் அனுமதிப் படிவங்களைப் பற்றி விசாரிக்கப் போனேன். அவர் மேசையின் மற்ற அந்தத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து நிமிடத்தில் வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"வேண்டாம், தங்கச்சி."

"இப்பதானே நல்லதெண்டு சொன்னனீங்கள்?"

"வேண்டாமெண்டால் விடுமன்."

காரில் வரும்போது நாலு விதமாகக் கேட்டேன். ரேடியோவைப் போட்டுவிட்டார். அவரை மீறி வாங்க எனக்கும் துணிவு வரவில்லை. எங்கள் எல்லாரையும் அப்படித்தானே பழக்கி வைத்திருந்தார்!

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. அண்ணை சுட்டுக்கொண்டு நிற்கிறார். கையில் அதே றிவோல்வர். பிடியில் அதே கீறல். எனக்கு வேண்டாமென்றுவிட்டு, தான் போய் வாங்கியிருக்கிறார். என் வாய்க்குள் போனதைத் தட்டிப் பறித்ததுபோல் இருந்தது. என்னைக் கண்டதும் பெட்டிக்குள் வைத்து மூடினார். பக்கத்தில் வந்து, "தேத்தண்ணி குடிச்சனீரோ?" என்றார். "ஓம்" என்றுவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். எங்களுக்குள் கடைசியாக இருந்த பேச்சும் அதுதான். நான் ஒருநாளும் குடித்திருக்கவில்லை.

செத்தவீட்டு அலுவல்கள் முடிந்தபின் அவருடைய மனைவி மல்லிகா அக்கா அழைத்தார். உரிமம் இல்லாதவர் வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது, கடைக்காரர் வந்து எடுத்துப்போகிறார், எனக்கு இதொன்றும் விளங்காது, பக்கத்தில் வந்து நில்லும் என்றார். போனேன். வந்தவர் அந்த வடக்குப் பக்கத்துக் கடைக்காரர்தான், வயதான வெள்ளைக்காரர். இரும்புப் பெட்டியிலிருந்து அந்த றிவோல்வரை எடுத்ததும், எனக்குத் தெரிந்த விசயம் என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நாங்கள் வந்துபோன மறுநாள் கடை திறக்கும்போதே என் சகோதரர் என்று அவர் நினைத்திருந்த அண்ணை வாசலில் நின்றாராம். விசை எவ்வளவு மெதுவென்று பார்க்கிற சந்தோசத்தில், நேற்று ரவை இல்லாமல் ஒரே ஒரு தரம் இழுத்துவிட்டேன், பழுதாக்கினது நான், நானே எடுக்கிறேன் என்றாராம். மூன்று தரம் "ஐ ஆம் சொறி" சொன்னாராம். என் தங்கச்சிக்கு இதேமாதிரி இன்னொன்று கிடைக்குமா என்று மாதாமாதம் கேட்டாராம்.

கடைக்காரர் உருளையைத் திறந்து தந்தார். நகத்தால் தடவினேன். ஐந்து அறை வழுக்கியது. ஒன்றில் நகம் தடக்கி நின்றது. மல்லிகா அக்காவின் குசினியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் அழுதேன். அழுகைக்குள்ளும் கோபம் அடங்கவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு மூன்று தரம் சொன்னதை எனக்கு ஒரு தரம் சொல்ல முடியவில்லையா? ஊருக்கெல்லாம் பிழை பிடித்துக் கொடுத்த மனுசனுக்கு, தான் விட்ட ஒரு பிழையைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன திறமா? எத்தனை ஞாயிறு அவர் முன்னால் வந்து நின்றார். "ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்க எனக்கு வாய் வந்ததா?

அந்த றிவோல்வரை நானே வாங்குகிறேன். மல்லிகா அக்காவும் சம்மதித்துவிட்டார். அனுமதி வரும்வரை அது கடையில் இருக்கிறது. திருத்தலாம், வடுவை எடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வடுவைத்தான். அந்த ஓர் அறை வெறுமையாக இருக்கும், மற்றவற்றில் ரவை போட்டுச் சுடுவேன்.

ஐஞ்சு ரவைதானே அண்ணை போடுறனாங்கள். சொல்லியிருக்கலாம்.