பொன்னுருக்கலுக்கு மறுநாள்

என் மகளின் தொழிலை ஊராருக்கு விளக்கிச் சொல்வதில் எனக்கு ஒருபோதும் சலிப்பு ஏற்பட்டதில்லை. தர்மபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அமர்ந்தபடி, வெளிநாடொன்றின் மருந்தகங்கள் மருந்து வரவழைக்கும் மென்பொருளை அவள் காவல் செய்கின்றாள். அம்மென்பொருள் இயங்கும் கணினிகளை அவள் கண்ணால் கண்டதில்லை. எங்கோ உள்ள கணினிகளை வாடகைக்கு எடுத்துத் தூரத்திலிருந்து நடத்துவதையே மேகக்கணிமை என்கின்றனர். அவற்றின் நாடித்துடிப்பு அவளது திரையில் வரைகோடுகளாக ஓடும். ஏதேனும் எல்லை மீறினால் கைப்பேசியில் அபாய மணி ஒலிக்கும். பள்ளிப்படிப்பு எனக்குச் சொற்பமே. வயல் வேலை முடிந்த மாலைகளில் அவளருகே கதிரையைப் போட்டு அமர்ந்து இவ்வளவையும் கேட்டறிந்தேன்.

அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையும் அவளது வேலைக் குழுவைச் சேர்ந்தவர். தண்ணீரூற்று என்னும் ஊரிலுள்ள தம் வீட்டிலிருந்து அதே வேலையைச் செய்பவர். திரைவழியே வேலை பேசிப் பேசியே இருவருக்கும் மனம் ஒத்துப்போயிற்று.

தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் உருக்கிய பின்னர், கலியாணம் வரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தலாகாது என்பது எங்கள் வழக்கம். சம்பந்தியம்மா அதில் மிகவும் கண்டிப்பானவர். பொன்னுருக்கல் முடிந்து நாங்கள் விடைபெறும்போது, "இந்தக் காலத்துப் பிள்ளையளை நம்பேலாது. நீங்கள்தான் பாத்துக்கொள்ளோணும்" என்றார். நானும் வாக்குக் கொடுத்து வந்தேன்.

மறுநாள் முற்பகல் முற்றத்தில் அயற்பெண்கள் கூடிக் கலியாணப் பலகாரம் சுடும் பலகாரச் சூடு. என் தங்கை எண்ணெய்த் தாச்சியின் முன் அமர்ந்து பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவ்வேளையில், விடுமுறையிலிருந்த மகளைக் கொழும்பிலிருந்து குழுத்தலைவி அழைத்தார். மருந்து கேட்டு மருந்தகங்கள் அனுப்பும் ஓடர்கள் எவையும் உட்செல்லவில்லை. அபாய மணி ஒன்றேனும் அடிக்கவுமில்லை. அந்த அமைப்பை அடிமுதல் அறிந்தவர்கள் கலியாண விடுமுறையில் நின்ற இருவர்தாம். இருவரும் உடனே அழைப்பில் இணையவேண்டும் என்றார்.

மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, மருந்துக்குச் சனம் காத்துக்கொண்டு நிக்கும். அவரும் வருவார். என்ன செய்ய?"

நான் விடை தேடுமுன் தங்கை எண்ணெய்க் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "கதைக்கலாம். முகம் பாக்கப்படாது" என்று தீர்ப்பளித்து, தன் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து மடிக்கணினியின் கமராவில் ஒட்டினாள்.

"மாமி, அதை நிப்பாட்ட ஒரு பட்டன் இருக்கு!"

"பட்டன் உன்ர கையில. பொட்டு என்ர கையில."

மாப்பிள்ளை இணைந்தார். அவரும் கமராவை நிறுத்தித்தான் வைத்திருந்தார். ஆயினும் திரையின் மூலையில் அவரது புகைப்படம் மலர்ந்த முகத்தோடு தோன்றியது.

"படமும் முகந்தானே!" என்ற தங்கை, வெற்றிலைத் தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சந்தனம் தடவி அம்மூலையில் அப்பினாள். மகள் அழைப்புச் சாளரத்தை ஒதுக்கிவிட்டு வரைகோட்டுப் பலகையைத் திரை முழுதும் விரித்தாள்.

"படம் போயிட்டுது மாமி. இலையை எடுங்கோவன்."

"திரும்பி வராதெண்டு என்ன நிச்சயம்?"

தங்கை கதிரையொன்றை இழுத்துப்போட்டு, வெற்றிலைக்குக் காவலாக அமர்ந்துவிட்டாள்.

"பலகையை நீர் பாரும்; நான் ஓடர் வாற வழியைப் பாக்கிறன்" என்று மாப்பிள்ளையின் குரல் வந்தது. மகள் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தாள். கணினிகளின் வேகம் சரி, நினைவகம் சரி, இணைப்புச் சரி. ஓடர்களின் கோடு மாத்திரம் அடியில் படுத்துக் கிடந்தது. குழுத்தலைவியின் குரல் வரவர இறுகியது. மகள் பார்த்தவற்றையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு, வழக்கமாவது மண்ணாவது என்று எனக்கே ஒரு கணம் தோன்றிற்று.

இதற்கிடையில் திரையின் சூட்டில் சந்தனம் காய்ந்து, வெற்றிலையின் நுனி சுருண்டு எழுந்தது.

"பிள்ளை," என்றாள் தங்கை, "இதுக்குக் கீழ சிவப்பாக் கிடக்கு. மாப்பிள்ளை சிவப்புச் சேட்டோ போட்டிருக்கிறார்?"

மகள் வெற்றிலையைப் பிடுங்கி எறிந்தாள். சேமிப்பிடத்தைக் காட்டும் கட்டம் முழுச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"இடம் நிரம்பிப் போச்சு! பழைய பதிவுகள் குவிஞ்சு போய்க் கிடக்கு!"

"அப்படியெண்டா மணி ஏன் அடிக்கேல்லை?" என்று குழுத்தலைவி வினவினார்.

"அது… நான்தான் நிப்பாட்டி வச்சனான்," என்றார் மாப்பிள்ளை. "மணவறையில மணி அடிச்சா இவ எழும்பி ஓடிவிடுவா எண்டு பயந்து, கலியாணம் முடியுமட்டும் எல்லாத்தையும்…"

"நல்ல ஆள்!" என்றாள் மகள். "நான் ஓடுறதெண்டா உங்களையும் இழுத்துக்கொண்டெல்லோ ஓடியிருப்பன்!"

கொழும்பிலிருந்தும் சிரிப்பொலி கேட்டது. மகள் வேண்டாத பதிவுகளை அழிக்க, மாப்பிள்ளை சேமிப்பிடத்தை விரிவாக்கினார். படுத்துக் கிடந்த கோடு முதலில் தயங்கி, பின்னர் விறுவிறுவென்று மேலே ஏறியது. என்னையறியாமல் நான் கைதட்டிவிட்டேன்.

"இனி அந்த மணியளைத் திறந்துவிடச் சொல்லு," என்று தங்கை கட்டளையிட்டாள்.

மாப்பிள்ளை கீழ்ப்படிந்தார். அடக்கி வைத்திருந்த சிறு எச்சரிக்கைகள் யாவும் ஒருசேர, எங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் தண்ணீரூற்றுக் கைப்பேசியிலும் முழங்கத் தொடங்கின. முற்றத்துப் பெண்கள் பணியாரத்தை மறந்து உள்ளே ஓடிவந்தனர்.

"கெட்டிமேளம் இப்பவே அடிக்கினம்!" என்று ஒருத்தி கூவினாள்.

ஆரவாரத்தினூடே, மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. "ஆரோடயடா உந்தக் கதை?"

நான் அவசரமாக முன்வந்து, "சம்பந்தியம்மா, நான் பக்கத்திலயே நிக்கிறன். முகம் பாக்கேல்லை, சத்தியம்!" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அவன்ர கொம்பியூட்டர்ப் பெட்டியின்ர கமராக் கண்ணுக்குள்ள நான் இண்டைக்குக் காலமையே திருநீற்றைக் குழைச்சுப் பூசிப்போட்டன்."

என் வாக்கை அவர் அவ்வளவாக நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அதற்காக வருந்தவும் அன்று நேரம் இருக்கவில்லை. பணியாரம் கருகும் மணம் முற்றத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.