நாங்கள் நின்றுகொண்டே கேட்ட இசை

செல்லத்துரை அண்ணன் போன செய்தி நிட்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் வந்தது. அவர் மகள் கிரேஸ் கைப்பேசியில் சொன்னது கேட்காமல், வெளியே ஓடிப்போய் மறுபடி கூப்பிட்டேன். "அப்பா காலைல போயிட்டாங்க அங்கிள்" என்றாள். உள்ளே திரும்பினால், போன வாரம் அவர் சரிசெய்த மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவரை அறிந்த உங்களில் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அவர், சத்தத்தை வைத்தே உடைந்த ஊசியைக் கண்டுபிடிக்கும் ஃபிட்டர். சர்ச்சுக்காரர்களுக்கு, ஞாயிறுதோறும் ஆர்கன் வாசித்த திருநெல்வேலிக்காரர். நான் சேவூரான், மாரியம்மன் கோயில்காரன். ஆனாலும் அவருடைய அந்த இரண்டாவது வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இசைத்தாள்களை விரித்துவைத்துப் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். பியானோவுக்கு எழுதிய மேல்நாட்டுச் செவ்வியல் இசையை ஆர்கனுக்கு மாற்றுகிறாராம்.

"ரெண்டும் ஒரே மாதிரி கட்டைதானுங்களே அண்ணா, அப்படியே வாசிச்சா ஆகாதுங்களா?"

"பியானோவுல அடிச்ச சத்தம் தானா அடங்கிரும் வே. ஆர்கன்ல நீரு விரல எடுக்குத வரைக்கும் நிக்கும். எடுக்க வேண்டிய எடம் தெரியலன்னா எல்லாம் கூழாயிரும்."

அதனால்தான் தாள் முழுக்க 'எடு', 'எடு' என்று எழுதியிருந்தார். பியானோவில் கால்மிதியை அமுக்கினால், விரலை எடுத்த பிறகும் சத்தம் கொஞ்சம் நிற்குமாம். இந்தப் பழைய ஆர்கனில் இரண்டு காலுக்கும் காற்றடிக்கிற வேலை. எல்லாவற்றையும் விரல்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தச் சுரத்தைப் பிடிப்பது, எதை விடுவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்.

எதற்கு இந்தப் பாடு என்றேன். "முப்பது வருசமா பாடுதவங்களுக்குத்தான் வாசிக்கேன். ஒரு நாளாவது எல்லாரும் பாடாம கேக்கணும் வே" என்றார். அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நாளும் வந்தது, ஒரு ஞாயிறு மாலையில். அவர் தலையசைக்கும்போது தாள் திருப்பப் பக்கத்தில் நான். அவர் முதல் வரியை வாசித்ததும் சர்ச்சே எழுந்து நின்றுவிட்டது! ஆர்கன் முதல் வரியை வாசித்தால் பாட எழ வேண்டும், முடிவில் ஆமென் வந்த பிறகே உட்கார வேண்டும். அங்கே வழக்கம் அது. எல்லோர் கையிலும் பாட்டுப் புத்தகம். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னிடமே குனிந்து, "எத்தனாம் நம்பருங்க சாமி?" என்று கேட்டார். போதகர் உட்காரச் சொல்லிக் கையசைத்தார். பாதிப் பேர் உட்கார்ந்து, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து மறுபடி எழுந்தார்கள்.

ஆர்கன் மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அண்ணன் இதையெல்லாம் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவரோ நடுவிலேயே இரண்டு ஆமென் சுரங்களைப் போட்டார். "ஆமென்" என்று பாடிவிட்டு எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். உடனே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆமென் முடிந்துவிட்டதால் அவர்களுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலையில்லை. கடைசிவரை ஒரு இருமல்கூட இல்லை. மறுநாள் அந்த ஆமெனையும் தாளில் பென்சிலால் எழுதிச் சேர்த்துவிட்டு, "இதுவும் சங்கீதந்தான்" என்று சிரித்தார்.

அடக்க ஆராதனையில் கிரேஸ் அதையே வாசித்தாள். தாள் திருப்ப என்னைக் கூப்பிட்டாள். முதல் வரிக்கு எல்லோரும் எழுந்தார்கள். யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நடுவில் ஆமென் வந்தது. யாரும் உட்காரவில்லை.

கடைசிச் சுரத்தின் மேலும் அண்ணன் 'எடு' என்றுதான் எழுதியிருந்தார். கிரேஸ் விரலை எடுக்கவில்லை. காற்றடிக்கும் காலை மட்டும் நிறுத்தினாள். உள்ளிருந்த காற்று தீரும்வரை அந்தச் சத்தம் நின்றது.

அந்தத் தாளை எனக்கே கொடுத்துவிட்டாள். இசைக்குறி ஒன்றும் எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு சொல்லைத்தான் படிக்கிறேன். எனக்கும் அவரை விட்டுவிட மனம் வரவில்லை.