இடது காதுக்கு ஒரு திருகு

என் தம்பிக்கு வாய்த்த காது இந்தப் பூமியில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. மூன்றாவது தெருவில் ஓர் எறும்பு தும்மினால், அது ஆண் எறும்பா பெண் எறும்பா என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவான். சரி, ஆணா பெண்ணா என்பது நான் சேர்த்துக்கொண்டது. தெருவும் மூன்றாவது இல்லை, பக்கத்துத் தெருதான். எறும்பு விஷயத்திலும் யாராவது வற்புறுத்திக் கேட்டால் கொஞ்சம் இறங்கி வருவேன். ஆனால் அந்தக் காதை வைத்துத்தான் அவன் இருபத்தாறு வருடம் சாப்பிட்டான் என்பதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

நீதிமன்றத்தில் விசாரணையை ஒலிப்பதிவு செய்வார்கள். அந்தப் பதிவைக் கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கொடுப்பது அவன் வேலை. முதலில் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்தான். பிறகு அந்த அறையையே பூட்டிவிட்டு, அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்யுங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். சாட்சிகள் முணுமுணுப்பார்கள். வக்கீல்கள் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி நிற்பார்கள். நீதிபதி இருமுகிற நேரம் பார்த்துத்தான் சாட்சி முக்கியமானதைச் சொல்வார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். காதில் விழுந்தது மூளைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் நேரே விரலுக்குப் போய்விடும்.

"நான் எதையும் புரிஞ்சுக்கிறதில்லக்கா. புரிஞ்சுக்க ஆரம்பிச்சா விரல் நின்னுடும்" என்பான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

வேலை வீட்டுக்கு வந்த அதே வருடம் அவன் மனைவிக்கு நுரையீரல் நோயும் வந்தது. நுரையீரல் காய்ந்த தோல் மாதிரி இறுகிக்கொண்டே போகும், திரும்பி இளகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது. பெட்டி என்னவோ பயணப் பெட்டி அளவுதான். சத்தம் மட்டும், ஒரு லாரி மலை ஏறிக்கொண்டே இருப்பது போல. உச்சி மட்டும் வரவே வராது. அதிலிருந்து வரும் குழாயை அவள் மூக்கில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருக்க வேண்டும்.

அவர்கள் வீட்டில் இரண்டே அறைகள். கட்டில் உள்ளறையில். மெஷின் பக்கத்தில் இருந்தால் அவளால் கண் மூட முடியவில்லை. அதனால் தம்பி அதை வெளியறைக்கு இழுத்து வந்து, கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே வைத்து, நீளக் குழாயைக் கதவுக்கு அடியில் உள்ளே விட்டான். அவள் காதிலிருந்த லாரியை எடுத்துத் தன் காதில் ஓட்டிக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹெட்போன் தேடல் அப்போதுதான் தொடங்கியது. அலுவலகம் கொடுத்திருந்தது பஞ்சு வைத்த சின்னது. லாரிச் சத்தத்தில் சாட்சி ஒருவரும் பிழைக்கவில்லை. தெருமுனையில் பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்த்து விற்கிற கடைக்காரர் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் "அஞ்சு நிமிஷம் சார்" என்று தொடங்கி ஒரு மணி நேரம் விளக்குவார். அதனால் அவருக்கு எங்கள் வீட்டில் அஞ்சு நிமிஷம் என்றே பெயர். அவர் முதலில் கொடுத்தது முதுகில் வலை போட்ட திறந்த வகை. பெரிய அரங்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும் என்றார். இருந்தது. லாரியும் அதே அரங்கத்துக்குள் வந்து நின்றது.

இரண்டாவதாகக் கொடுத்தது கெட்டி மெத்தை வைத்துக் காதை முழுக்க மூடுகிற வகை, ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து வந்தது. மாட்டிய நொடியில் லாரி காணாமல் போனது. கூடவே சாட்சியும் காணாமல் போனார். கம்ப்யூட்டரின் ஓட்டையில் செருகினால் குரல் கிணற்றின் அடியிலிருந்து வந்தது. வால்யூமை முழுக்க ஏற்றினால் கம்ப்யூட்டரின் குடலுக்குள் ஓடும் இரைச்சல்தான் பெரிதானது.

"சார், இது கனமான வண்டி. உங்க கம்ப்யூட்டர் சைக்கிள். சைக்கிள்ல கட்டி இழுத்தா எப்படி வரும்?" என்றார் அஞ்சு நிமிஷம். கம்ப்யூட்டருக்கு வெளியே தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார். சின்னதாக ஒன்றை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள் என்று கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை தம்பி அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் உலகத்தையே மறந்தான். சாட்சியின் செருப்பு தரையில் உரசுவது கேட்டதாம். நீதிபதியின் பேனா மூடி திறப்பது கேட்டதாம். (நீதிபதியின் வயிறு பசியில் கத்தியது என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அதை விட்டுவிடுங்கள்.) மதியம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது அவள் உதடு வறண்டு கிடந்தாள். பத்து மணியிலிருந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். குரல் எழும்பவில்லை. ஒரு கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டியிருக்கிறாள். பிறகு கரண்டியும் கீழே விழுந்துவிட்டது.

"வேலையா இருந்தீங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

தம்பி நேரே கடைக்குப் போனான். "எனக்கு வீட்ல நடக்கிறது கேக்கவும் கூடாது, கேக்கவும் வேணும்" என்றான். அஞ்சு நிமிஷம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றாராம். பிறகு மேடைப் பேச்சாளர்களுக்கு வைக்கும் சின்ன மிக்ஸர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் உண்டு. அதில் இரண்டு வழியாகச் சத்தத்தை உள்ளே விடலாம். எந்தச் சத்தம் எந்தக் காதுக்கு என்று பிரித்தும் விடலாம். நீதிமன்றம் வலது காதுக்கு. அவள் இடது காதுக்கு. கட்டில் கம்பியில் ஒரு மைக்கைக் கட்டி, ஒயரை ஆக்ஸிஜன் குழாயோடு சேர்த்துக் கதவுக்கு அடியில் வெளியே கொண்டுவந்தான். ஒவ்வொரு காதுக்கும் ஒரு வால்யூம் திருகு. அடையாளம் தெரிய இடது திருகின் மேல் துண்டுப் பிளாஸ்திரி ஒட்டினான்.

மைக்கில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதை அழுத்திவிட்டுப் பேசு என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவள் அதை அழுத்தி, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, "கவனிக்கவும். தலையணை சரிந்துவிட்டது. நன்றி" என்பாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள், பிறகு சிரித்ததற்காக இருமுவாள். ஒரு மாதத்தில் கட்டை விரலுக்கு அந்தத் தெம்பும் போனது. தம்பி அவள் தூங்கும்போது மைக்கைத் திறந்து, சுவிட்ச் இல்லாமலே எப்போதும் கேட்கும்படி ஒயரை இணைத்துவிட்டான். எனக்கே பிறகுதான் தெரியும். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருமுவதற்குக்கூட யோசிப்பாள் என்று நினைத்தான். அவள் சுவிட்சைத் தொட்டுவிட்டுப் பேசினாள். தொடாதபோது தனியாக இருப்பதாக நம்பினாள்.

அப்படி ஏழு மாதம். வலது காதில் திருட்டும் விவாகரத்தும். இடது காதில் அவள் மூச்சு.

நான் செவ்வாய்க்கிழமை தோறும் போவேன். ஒரு செவ்வாய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். தம்பி வெளியறையில் ஹெட்போனோடு இருந்தான். அவள் மைக்கைப் பார்த்தாள். கையைச் சுவிட்சிலிருந்து நன்றாக நகர்த்திக்கொண்டாள்.

"அண்ணி, இந்தக் குழாயைக் கழட்டிட்டா, அவருக்கு ரெண்டு காதும் திரும்பக் கெடைக்கும்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். அன்று, "பைத்தியம் மாதிரி பேசாதே" என்று சொல்லி ஒரு சுளையை அவள் வாயில் வைத்தேன். அவ்வளவுதான். நாலு தெருச் செய்தியை எட்டுத் தெருவுக்குக் கொண்டுபோகிற நான், அந்த ஒரு செய்தியைக் கதவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை.

எட்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து தம்பிக்குப் போன் வந்தது. பக்கங்களைச் சரிபார்க்கும் அம்மாள். ஒரு கமா குறைந்தாலும் திருப்பி அனுப்புவார் என்பதால் கமா அம்மா என்று அவருக்குப் பெயர்.

"சார், சுவர்த் தகராறு வழக்கு, பதினாலாம் பக்கம். சர்வேயர் சுவரோட அளவு சொல்லிட்டு இருக்கார். நடுவுல ஒரு வரி. குழாயைக் கழட்டிட்டா அவருக்கு ரெண்டு காதும் கெடைக்கும்னு. இது எந்தச் சாட்சி?"

தம்பி பக்கத்தைத் திறந்து பார்த்தான். அவன் விரல்தான் அடித்திருந்தது. அன்றைக்கு இடது காதில் விழுந்தது, அவனுக்குத் தெரியாமலே, வரிசையில் வந்து நின்றிருந்தது.

"தட்டச்சுப் பிழை மேடம்."

"பிழைன்னா ஒரு எழுத்து மாறும் சார். இது முழு வாக்கியம். கமாகூடச் சரியான எடத்துல இருக்கு."

அப்புறம் கமா அம்மா தணிந்த குரலில், வரியை நான் நீக்கிவிடுகிறேன், ஆனால் மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது, இன்னொரு தடவை நடந்தால் தட்டச்சு செய்ய உங்களுக்குக் கோப்பு வராது என்றார். மருந்தும் மின்சாரமும் அந்தக் கோப்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

அடுத்த செவ்வாய் தம்பி அந்தப் பக்கத்தை என் முன்னால் வைத்தான். "அப்ப நீ கூட இருந்தியேக்கா" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

அவளிடமும் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மைக் எப்போதும் திறந்திருப்பது தெரிந்துவிடும். அவள் மனதுக்குள் இருப்பதைச் சொல்ல இருந்த ஒரே இடமும் போய்விடும். குழாய் நழுவாமல் இருக்க என்று சொல்லி, அவள் இரண்டு கன்னத்திலும் அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினான். ஒட்டும்போது அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவனுக்குக் காதில் விழுவதெல்லாம் புரியத் தொடங்கியது. விரல் நிற்கத் தொடங்கியது. ஒரு நாளைக்கு இருபது பக்கம் அடித்தவன் எட்டுப் பக்கத்துக்கு வந்தான். இடது திருகை ஏற்றினால் வேலை போகும். இறக்கினால் என்ன போகும் என்று அவனுக்குத் தெரியும்.

அவள் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனாள். எப்படிப் போனாள் என்பதை அவள் அம்மாவுக்குச் சொன்னவள் நான். இடது திருகு முழுக்க ஏறியிருந்தது. வலது காதில் ஒரு வக்கீல் கத்திக்கொண்டிருந்தார். அதற்கு நடுவே, கன்னத்திலிருந்து பிளாஸ்திரியின் ஓர் ஓரம் பிரிகிற சத்தம் தம்பிக்குக் கேட்டது. எறும்புத் தும்மலைவிடச் சிறிய சத்தம். ஹெட்போனை வீசிவிட்டு ஓடினான். குழாய் மூக்கை விட்டு நகரும் முன்பே பிடித்துவிட்டான். அவள் அவன் தோளில் தலை சாய்த்து, குழாயோடு, இரண்டு மூச்சு விட்டாள். மூன்றாவது வரவில்லை.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் நீளமாகவே சொன்னேன்.

இதுவரை எழுதியதை, பிழை பார்த்துக் கொடு என்று தம்பியிடம் கொடுத்தேன். அவன் அதே கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறான். மேஜைக்குக் கீழே மெஷின் இல்லை. ஹெட்போன் கழுத்தில் கிடக்கிறது. மிக்ஸரில் இடது திருகின் மேல் அந்தப் பிளாஸ்திரி இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை படித்தான். மூன்று இடத்தில் கமா போட்டான். பிறகு நாற்காலியைத் திருப்பினான்.

"எறும்பு இருக்கட்டும்க்கா, அது உன் இஷ்டம். கடைசியை மட்டும் மாத்து. அன்னைக்கு ஆறு பக்கம் பாக்கி இருந்துச்சு. அவ இருமிட்டே இருந்தா. அஞ்சு நிமிஷம்னு நெனச்சு நான்தான் இடது திருகை இறக்கினேன். திரும்ப ஏத்தினப்ப குழாயிலேருந்து காத்து வர்ற சத்தம் மட்டும் கேட்டுச்சு. குழாய் தலையணை மேல கெடந்துச்சு. அவளா கழட்டினாளா, இருமினதுல பிரிஞ்சுதான்னு எனக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷமும் இல்ல. பதிவு ஓடுற நேரம் திரையில காட்டும்ல, அதுல பாத்தேன். நாப்பது நிமிஷம். அப்படியே எழுது."